நிலவொளியில் மறையும் விண்மீன்கள்



விஞ்ஞானம் பேசுதற்கு நான் உரியவன் அல்லன். பல்கலைக்கழகத்திலே நான் பயின்றவை வரலாறும் தமிழுமே. ஆயினும், பாடசாலை ஒன்றின் அதிபராயிருப்பவனிடம் அவன் கல்லாத பாடங்களிலும் கேள்விகள் வந்து சேர்வது வழக்கம். அத்தகைய கேள்வி ஒன்றே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள், எங்கள் பாடசாலை விஞ்ஞான மன்றத்து மாணவர் சிலர் என் அறைக்கு வந்தனர். "சேர், அந்திரொமீடாவைப் படம்பிடிக்கப் போகிறோம். இரவு ஒன்பது மணி வரைக்கும் விளையாட்டுத் திடலில் நிற்க அனுமதி தரவேண்டும்" என்றனர். எந்த நாள் என்று வினவினேன். "போயா நாள், சேர். அன்றைக்குத்தான் வகுப்பும் இல்லை, ரியூசனும் இல்லை" என்றாள் மன்றச் செயலாளராகிய மாணவி. நான் மகிழ்ந்து அனுமதி அளித்ததோடு, நானும் வருவதாக வாக்களித்தேன்.

அன்று மாலை மழை பெய்து ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கிழக்கே முழுமதி எழுந்து திடல் முழுவதையும் வெள்ளொளியால் நிரப்பிற்று. பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த கமெராவை முக்காலியில் ஏற்றிப் பிள்ளைகள் படமெடுத்தனர். எடுத்த படத்தைத் திரையில் பார்த்தபோது, வெளிர்நீலத் தாளொன்றில் நாலைந்து புள்ளிகள் வைத்தாற்போல் அது காட்சியளித்தது. அந்திரொமீடா இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "நட்சத்திரம் எல்லாம் எங்கே போயிற்று, சேர்?" என்று அப்பிள்ளை கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டதைச் சாதாரண மொழியிலே இப்பொழுது உங்களுக்குக் கூறுகின்றேன்.

நம் நாட்டிலே முழுநிலா நாள் ஒவ்வொன்றும் பொது விடுமுறை. 1966 முதல் 1971 வரை, சனி ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாளையே வார ஓய்வாகக் கொண்டிருந்த காலமும் உண்டு. ஆகவே, நமக்கு ஓய்வு வாய்க்கும் இரவே விண்மீன்களைப் படம்பிடிக்க மிகவும் ஒவ்வாத இரவாய் அமைந்துவிடுகின்றது. ஏன் என்பதை முதலில் ஆராய்வோம்.

பகலிலும் விண்மீன்கள் வானத்திலேதான் இருக்கின்றன. சூரியனுடைய ஒளி வளிமண்டலத்திலே பட்டுச் சிதறி வானம் முழுவதையும் ஒளிரச் செய்வதால் அவை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சந்திரனுடைய ஒளியோ சூரியனிடமிருந்து இரவல் வாங்கிய ஒளி. முழுமதியின் ஒளி சூரிய ஒளியிலும் ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு குறைந்தது. எனினும் அதுவும் அதே காற்றிலே, அதே முறையில்தான் சிதறுகின்றது. நிலவொளியில் நம் கண்ணுக்கு நிறவேறுபாடு நன்கு தெரிவதில்லை. அதனால் நிலா வானம் கருமையாயும் சாம்பலாயும் தோன்றுகின்றது. கமெராவோ ஒளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. அதனை நெடுநேரம் திறந்துவைத்தால், நிலா வானமும் பகல் வானத்தைப் போல நீலமாகவே படத்தில் விழும். பிள்ளைகள் கண்ட வெளிர்நீலத் தாள் இதுவே.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. விண்மீனிலிருந்து வரும் ஒளி அன்றிரவு சிறிதும் குறையவில்லை. அமாவாசை இரவில் எவ்வளவு ஒளி கமெராவுக்குள் புகுந்ததோ அவ்வளவு ஒளியே பௌர்ணமி இரவிலும் புகுந்தது. கூடியது பின்னணி ஒளி மாத்திரமே. அகல்விளக்கொன்றை இருண்ட அறையில் ஏற்றினால் அறை முழுவதும் அதனைக் காண்கின்றது. அதே விளக்கை நண்பகல் முற்றத்தில் ஏற்றினால் எரிகின்றதா என்று கையை வைத்துப் பார்க்கவேண்டியிருக்கும். விளக்கின் சுடர் இரண்டிடத்தும் ஒன்றுதான்.

நகர ஒளியும் நிலவைப் போன்றதே. வீதிவிளக்குகளிலிருந்தும் கடைகளின் பெயர்ப்பலகைகளிலிருந்தும் மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, ஊருக்கு மேலே ஓர் ஒளிக்கூரை வேய்ந்துவிடுகின்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாதெனில், நிலா மாதத்தில் சில நாட்கள் ஒதுங்கி நிற்கும். நகர விளக்கு ஒருநாளும் ஒதுங்காது.

இவ்வொளிக்கூரை விஞ்ஞானத்துக்கு என்ன இழப்பை உண்டாக்கும் என்பதை அமெரிக்காவிலே நிகழ்ந்த வரலாறு ஒன்று நன்கு காட்டுகின்றது. வரலாற்று மாணவனாகிய எனக்கு இப்பொருளில் ஆர்வம் பிறந்ததும் அதனாலேயே.

வானத்தைப் படம்பிடிக்கும் கலை ஒளிப்படக் கலையோடு உடன்பிறந்தது என்னலாம். 1840 ஆம் ஆண்டில் ஜோன் வில்லியம் டிரேப்பர் என்பார் நியூயோர்க்கிலிருந்து சந்திரனைப் படம்பிடித்தார். 1850 இல் ஹாவாட் வான் ஆய்வுநிலையத்திலே அபிஜித்து என்னும் விண்மீன் முதன்முதலாகத் தகட்டிலே பதிந்தது. 1880 இல், முன்னவருடைய மகனாகிய ஹென்றி டிரேப்பர், ஓரியன் விண்மீன் குழுவிலுள்ள நெபுலா எனப்படும் ஒளிமுகிலை 51 நிமிடம் தகட்டைத் திறந்துவைத்துப் படமாக்கினார். கண் ஒரு கணத்தில் காண இயலாததைத் தகடு ஒரு மணிநேரம் பொறுத்திருந்து கண்டது.

1904 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் எலரி ஹேல் என்னும் அறிஞர், கலிபோர்னியாவிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடகிழக்கேயுள்ள வில்சன் மலையுச்சியில் வான் ஆய்வுநிலையம் ஒன்றை நிறுவினார். 1917 இல் 100 அங்குல விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைகாட்டி அங்கே இயங்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் உலகிலே அதனினும் பெரிய தொலைகாட்டி இல்லை. 1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள் அதன்மூலம் எடுத்த ஒளிப்படத் தகடொன்றே அந்திரொமீடா நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள வேறொரு நட்சத்திர மண்டலம் என்பதை நிறுவுதற்கு வழிகோலியது.

ஆனால் மலையடிவாரத்து நகரம் சும்மா இருக்கவில்லை. 1900 இல் ஏறத்தாழ 1 இலட்சம் மக்கள் வாழ்ந்த லொஸ் ஏஞ்சல்ஸில், 1930 இல் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். மக்கள் பெருகப் பெருக விளக்குகளும் பெருகின. மலைமேலிருந்த அறிஞர் மாதத்தை இரண்டாக வகுத்துக்கொண்டனர். நிலவில்லாத இரவுகள் மங்கிய ஒளிமுகில்களைப் படம்பிடிப்போருக்கு உரியவை. நிலவுள்ள இரவுகள் ஒளிமிக்க விண்மீன்களின் நிறமாலையை ஆராய்வோருக்கு உரியவை. நிலவுக்கு இவ்வாறு அட்டவணை போட்டு விலகி நிற்கலாம். நகர விளக்குக்கு எந்த அட்டவணை போடுவது?

அந்திரொமீடாவின் மையப்பகுதி அவர்களுக்குப் பெரும் புதிராயிருந்தது. அதன் வெளிக்கரங்களிலே தனித்தனி விண்மீன்கள் தகட்டில் தெரிந்தன. மையமோ எத்தனை முறை படமெடுத்தும் வெறும் பனிப்புகைபோலவே தோன்றியது.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1941 டிசம்பரில் அமெரிக்காவும் போரிலே புகுந்தது. பகைவரின் தாக்குதலுக்கு அஞ்சி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் விளக்குகளை மங்கச் செய்தது. ஹபிள் முதலாய பலர் போர்ப்பணிகளுக்குச் சென்றுவிட்டனர். ஆய்வுநிலையத்தில் எஞ்சியிருந்தோருள் ஒருவர் வோல்ட்டர் பாடே. அவர் 1931 இல் ஜேர்மனியிலிருந்து வந்தவர். அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர். எனவே பகை நாட்டவர் என்ற வகையில் போர் ஆய்வுகளில் அவருக்கு இடமில்லை. நடமாட்டத்திலும் முதலில் கட்டுப்பாடுகள் இருந்தன. அவை தளர்த்தப்பட்டபின், உலகின் மிகப்பெரிய தொலைகாட்டியும் பல ஆண்டுகளாகக் காணாத இருண்ட வானமும் அவருக்குக் கிட்டின.

பாடே இருளை மாத்திரம் நம்பி இருந்துவிடவில்லை. மையப்பகுதியின் ஒளிமிக்க விண்மீன்கள் செந்நிறத்தனவாய் இருக்கக்கூடும் என்று அவர் கருதினார். அக்காலத்தில் பெரும்பாலும் வழங்கிய தகடுகள் நீல ஒளிக்கே விரைந்து இணங்குவன. அவற்றில் செந்நிற விண்மீன் பதியுமுன்னரே வானத்தின் பின்னணி ஒளி பதிந்து தகட்டைக் கறுக்கச் செய்துவிடும். ஆகவே அவர் சிவப்பொளிக்கு இணங்கும் தகடுகளைத் தேர்ந்து, சிவப்பு வடிகட்டியையும் இட்டு, 1943 ஆம் ஆண்டு பல மணிநேரம் திறந்துவைத்துப் படமெடுத்தார். அதுவரை பனிப்புகையாய்த் தோன்றிய மையம், எண்ணிறந்த நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தது.

1944 இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் விண்மீன்களை இருபெருங் கூட்டங்களாக வகுத்தன. கரங்களில் வாழும் இளமையான நீல விண்மீன்கள் ஒன்று. மையத்தில் வாழும் முதுமையான சிவப்பு விண்மீன்கள் மற்றொன்று. அவ்வேறுபாட்டை அறியாமையாலேயே தூரங்கள் பிழையாகக் கணிக்கப்பட்டிருந்தன. பலோமார் மலையில் 200 அங்குலத் தொலைகாட்டி அமைந்தபின் தொடர்ந்து ஆராய்ந்து, 1952 இல் ரோமாபுரியில் நடந்த வானியலாளர் மாநாட்டில், அந்திரொமீடா முன்னர் எண்ணியதிலும் ஏறத்தாழ இருமடங்கு தொலைவில் உள்ளது என்று பாடே அறிவித்தார். ஹபிள் தொடக்கத்தில் கணித்த தூரம் ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு. இன்று நாம் அறிந்த தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு. பிரபஞ்சம் பூமியிலும் இளையது என்று முன்னைய கணக்குகள் காட்டிய விந்தையும் அத்திருத்தத்தால் நீங்கத் தொடங்கிற்று.

நேயர்களே, இவ்வரலாற்றிலே மூன்று உபாயங்கள் அடங்கியுள்ளன. காலம் பார்த்தல், நிறம் தேர்தல், பொறுமையாகச் சேர்த்தல் என்பனவே அவை. இன்று வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் படம்பிடிப்போரும் இம்மூன்றையுமே கையாளுகின்றனர்.

முதலாவது, காலம் பார்த்தல். பாதி நிலவு முழு நிலவிற் பாதி ஒளியைத் தரும் என்று எண்ணுவோம். உண்மையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே தருகின்றது. சந்திரனிலுள்ள மேடுபள்ளங்களின் நிழல் அப்பொழுது பெரும்பகுதியை மறைப்பது அதற்கொரு காரணம். மேலும், வளர்பிறை அட்டமியன்று சந்திரன் நள்ளிரவை அண்டி மறையும்; அதன்பின் விடியும்வரை வானம் இருண்டிருக்கும். பௌர்ணமிக்குப் பின்னரோ சந்திரன் நாள்தோறும் சராசரி 50 நிமிடம் பிந்தி உதிக்கும். ஆகையால் பௌர்ணமி கழிந்து நாலைந்து நாட்களிலேயே முன்னிரவில் இரண்டு மூன்று மணிநேர இருள் நமக்குக் கிடைக்கின்றது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த நம் வீட்டு முதியோருக்கு இக்கணக்கு புதியதன்று. நிலவிலேயே படமெடுக்க நேர்ந்தால், சந்திரனிலிருந்து 60 பாகைக்கு மேல் விலகிய வான்பகுதியை நோக்குதல் நன்று. தொடுவானை விட்டு உச்சிவானை நோக்குதல் அதனினும் நன்று. தொடுவானிலிருந்து 30 பாகை உயரத்தில் நாம் ஊடுருவிப் பார்க்கவேண்டிய காற்று, உச்சியில் உள்ளதைப்போல் இருமடங்காகும்.

இரண்டாவது, நிறம் தேர்தல். காற்று எல்லா நிறங்களையும் ஒரேயளவில் சிதறச் செய்வதில்லை. நீல ஒளி, சிவப்பு ஒளியைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேலாகச் சிதறுகின்றது. எனவே நிலா வானத்தின் ஒளியில் நீலம் மிகுதி, சிவப்புக் குறைவு. இது பாடே கண்ட வழிக்கு இன்றும் துணைநிற்கின்றது.

வானொலி கேட்கும் உங்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மழைக்காலத்தில் வானொலிப் பெட்டியைத் திருகும்போது எங்கும் இரைச்சல் கேட்கின்றது. ஆயினும் நிலையத்தின் அலைவரிசையில் முள்ளைச் சரியாக நிறுத்தினால் குரல் தெளிவாகின்றது. இரைச்சல் எல்லா அலைகளிலும் பரந்து கிடக்கின்றது. நிலையம் தனக்குரிய ஓர் அலையிலேயே தன் வலிமை முழுவதையும் செலுத்துகின்றது. ஓரியன் முகில் போன்ற வாயு முகில்களும் அத்தகைய நிலையங்களே. அவற்றிலுள்ள ஐதரசன் வாயு, 656 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒரு செந்நிறத்திலே சிறப்பாக ஒளிர்கின்றது. அந்நிறத்தையும் அதன் இருமருங்கிலும் சில நனோமீற்றரையும் மாத்திரம் விட்டு, ஏனைய ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வடிகட்டியைக் கமெராவின் முன் பொருத்திவிட்டால், நகர ஒளியின் பெரும்பகுதியும் நிலவின் பெரும்பகுதியும் வாயிலிலேயே தடுக்கப்படும்; முகிலின் ஒளி தடையின்றிப் புகும். முழுநிலா நாளிலும் பெருநகரின் நடுவிலிருந்து அழகிய முகிற்படங்களை இன்று அன்பர்கள் எடுப்பது இவ்வாறே. ஒட்சிசன் தரும் நீலப்பச்சை ஒளி 501 நனோமீற்றர் அளவிலே உள்ளமையால், அதற்கு நிலவின் தொல்லை சற்று அதிகம். ஆகவே அதனை நிலவில்லாத இரவுக்கு ஒதுக்குவர். நாம் கடையில் வாங்கும் சாதாரணக் கமெரா ஐதரசனின் செந்நிறத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும்படி செய்யப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இவ்வழிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்திரொமீடா போன்ற நட்சத்திர மண்டலங்கள் ஒரே அலையில் பாடும் நிலையங்கள் அல்ல. அவை கோடானுகோடி விண்மீன்களின் கூட்டம். எல்லா நிறங்களிலும் ஒளிர்பவை. அவற்றுக்கு முள்ளை எங்கே நிறுத்துவது? நிலவிலும் விளக்கிலும் முதலில் மறைவன அவையே. முன்னாளில் வீதிகளில் எரிந்த சோடிய விளக்குகள் மஞ்சள் நிறத்தின் சில அலைகளிலேயே பெரிதும் ஒளிர்ந்தன. அவற்றை மாத்திரம் வடிகட்டி நீக்குதல் ஓரளவு இயன்றது. இப்பொழுது அவற்றின் இடத்தைப் பிடித்துள்ள எல்.ஈ.டி. விளக்குகளின் வெள்ளொளி எல்லா நிறங்களையும் கொண்டது. போதாக்குறைக்கு, அதிகம் சிதறும் நீலமும் அதில் மிகுந்துள்ளது. மின்சாரச் செலவைக் குறைக்க வந்த விளக்கு வானத்துக்குப் புதிய இடரொன்றைக் கொண்டுவந்துள்ளது.

மூன்றாவது, பொறுமையாகச் சேர்த்தல். ஒளி சிறுசிறு துகள்களாக வந்து விழுகின்றது. மழைத்துளிகளைப்போல, ஒரு கணத்தில் சில கூடியும் சில குறைந்தும் விழும். கமெராவின் ஒரு கட்டத்தில் பின்னணி வானிலிருந்து 100 துகள்கள் விழுவதாகக் கொள்வோம். அத்தொகை தானாகவே ஏறத்தாழப் பத்துக் கூடியும் குறைந்தும் தடுமாறும். மங்கிய விண்மீன் ஒன்று தருவதும் பத்துத் துகள்களே என்றால், அது விண்மீனா தடுமாற்றமா என்று நாம் எப்படி அறிவோம்? இவ்வாறு 16 படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், பின்னணி 1,600 ஆகும். அதன் தடுமாற்றமோ 40 அளவே ஆகும். விண்மீனின் பங்கு 160 ஆகிவிடும். முன்னர் ஒன்றுக்கொன்று நிகராய் நின்றவற்றில் விண்மீன் இப்பொழுது நான்கு மடங்கு ஓங்கி நிற்கின்றது. சராசரிப் பின்னணியைக் கணினி கழித்துவிட, விண்மீன் எஞ்சுகின்றது. பாடேயின் தகடு கறுத்துவிட்டால் அதன்பின் ஒன்றும் செய்வதற்கில்லை. இன்றைய கமெராவுக்கு அக்குறை பெரும்பாலும் இல்லை.

ஆனால் இதற்கும் விலையுண்டு. பின்னணி ஒளி 16 மடங்கு கூடிய வானத்தில், அதே தெளிவைப் பெற ஏறத்தாழ 16 மடங்கு நேரம் படமெடுக்கவேண்டும். இருண்ட கிராமத்தில் ஒரு மணிநேரத்தில் முடிவது, ஒளிமிக்க நகரத்தில் இரண்டு மூன்று இரவுகளை விழுங்கிவிடும். கருவி எவ்வளவு முன்னேறினும் இருளின் மதிப்பு குறையவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி எங்கள் திடலுக்கு மீள்வோம். அடுத்த அமாவாசையை ஒட்டிய ஒரு மாலையில் பிள்ளைகள் மறுபடி கூடினர். பூமி சுழலுவதால், அசையாத முக்காலியில் நிற்கும் கமெராவை அதிக நேரம் திறந்துவைத்தால் விண்மீன்கள் கோடுகளாக நீண்டுவிடும். எனவே நான்கு செக்கன் வீதம் 200 படங்கள் எடுத்துக் கணினியிலே கூட்டுவது என்று முடிவாயிற்று. நிலவு இல்லை, ஆயினும் முதற்படமே வெளிறிப்போய் இருந்தது. எவ்விளக்கு இதைச் செய்கின்றது என்று பிள்ளைகள் திடலைச் சுற்றி நடந்து தேடினர். வீதிவிளக்காகத்தான் இருக்கும் என்று நான் உறுதியாக எண்ணியிருந்தேன். அவர்கள் திரும்பிவந்து, சற்றுத் தயங்கியே விடையைச் சொன்னார்கள். குற்றவாளி எங்கள் பாடசாலை மண்டபத்துக் கூரையில் மேல்நோக்கிச் சாய்ந்து நின்ற விளக்கே. பாதுகாப்புக்கென்று முந்திய ஆண்டு அதனைப் பூட்டுவித்தவன் நானே.

அவ்விளக்கின் ஒளியிற் பாதிக்குமேல் நிலத்தில் விழவேயில்லை. பக்கத்துத் தென்னைகளின் தலையிலும் வானத்திலும் சென்று வீணாயிற்று. அதற்குரிய மின்கட்டணத்தில் மாதந்தோறும் ஒப்பமிட்டுவந்தவனும் நானே. அன்றிரவு அதனை அணைத்தோம். மறுவாரம் தகரத்தால் ஒரு மறைப்புச் செய்து, முகத்தை நிலம்நோக்கித் திருப்பி, முன்னதிற் பாதி வலுவுள்ள குமிழையும் மாட்டினோம். காவலாளர் இப்பொழுது முற்றம் முன்னையிலும் நன்றாகத் தெரிகின்றது என்கின்றார். கண்ணைக் கூசச் செய்த ஒளி நீங்கியதே அதற்குக் காரணம்.

வீதிவிளக்கே வேண்டாம் என்று நான் கூற வரவில்லை. மாலை வகுப்பு முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் பதில் சொல்லவேண்டியவன். வெளிச்சம் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், நிலத்திலே விழவேண்டும் என்பதே என் கருத்து. இருளை வேண்டுதல் என்பது எங்களைப் போன்றோர்க்கு எளிதான சொல்லும் அன்று. நான் இளைஞனாயிருந்த 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரில் பாடம் படித்துவிட்டு, அதனை அணைத்து வெளியே வந்தால், பால்வீதி தெற்கு வடக்காக வானத்தைப் பிளந்து கிடக்கும். அத்தகைய வானத்தை அதன்பின் நான் கண்டதில்லை. ஆனாலும் அவ்வானத்துக்கு நாம் கொடுத்த விலையை நினைக்கும்போது, அது மீண்டும் வேண்டும் என்று சொல்ல நா எழுவதில்லை. பாடேக்குக் கிட்டிய இருளும் போர் தந்த இருளே. 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளின்போது பிள்ளைகள் முற்றத்தில் நின்று விண்மீன்களை எண்ணினர். அதுவும் நாம் விரும்பித் தேர்ந்த இருள் அன்று.

விரும்பித் தேர்ந்த இருளும் உலகில் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரம், அருகிலுள்ள வான் ஆய்வுநிலையத்தின் நலங்கருதி, 1958 ஆம் ஆண்டிலேயே வானை நோக்கி வீசும் விளம்பர விளக்குகளைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தது. 2001 இல் அது உலகின் முதலாவது சர்வதேச இருள்வான் நகரம் என்று அறிவிக்கப்பட்டது. அங்கும் வீதிகளில் விளக்குகள் எரிகின்றன. மக்கள் அச்சமின்றி நடமாடுகின்றனர். விளக்குகளுக்கு மூடியிருக்கின்றது என்பதே வேறுபாடு. வில்சன் மலையோ அத்தகைய பேற்றைப் பெறவில்லை. போர் முடிந்தபின் நகரம் மீண்டும் ஒளிர்ந்தது. சிலி நாட்டின் இருண்ட மலைகளில் நிறுவிய தொலைகாட்டிகளுக்கே பணமும் ஆளும் தேவைப்பட்டமையால், 1985 இல் 100 அங்குலத் தொலைகாட்டியின் பணி நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்தே அது மீண்டும் திறக்கப்பட்டது. 2016 இல் வெளியான உலக வானொளிப் படத்தின்படி, மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர். நம் நாட்டில் இன்னும் பல ஊர்களுக்கு அந்நிலை வரவில்லை. வராமற் காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு துண்டுத் தகரமும் சிறிது கவனமும் போதும்.

எங்கள் பிள்ளைகளின் 200 படங்களும் கணினியில் ஒன்றாயின. பாக்களவிலே மங்கிய நீள்வட்டம் ஒன்று திரையில் தோன்றிற்று. "இதுதானா, சேர்?" என்றாள் செயலாளராகிய மாணவி. நூல்களில் காணும் பேரழகு அதில் இல்லை. ஆயினும் 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி எங்கள் திடலிலே வந்து இறங்கியதற்கு அதுவே அத்தாட்சி. அப்படம் இப்பொழுது விஞ்ஞானகூடச் சுவரில் தொங்குகின்றது. முழுநிலா நாளில் எடுத்த வெளிர்நீலப் படத்தையும் அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கின்றோம்.

போயா நாளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அன்று சந்திரனையே படம்பிடிக்கலாம். நிலவொளியில் கோயிற் கோபுரத்தையும் வயல்வெளியையும் பிரகாசமான சில விண்மீன்களோடு சேர்த்து எடுக்கலாம். வியாழன், சனி முதலிய கிரகங்களுக்கு நிலவால் பெரிய தடையில்லை. அந்திரொமீடாவை அமாவாசைக்கு விட்டுவிடுங்கள். கார்த்திகை மாதத்து நிலவில்லாத இரவொன்றில், மழை ஓய்ந்த வேளையில், எட்டு மணியளவில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு முற்றத்துக்கு வாருங்கள். பூரட்டாதி, உத்தரட்டாதி என்று நம் முன்னோர் பெயரிட்ட விண்மீன்கள் அமைக்கும் பெரிய சதுரம் தலைக்கு மேலே நிற்கும். அதிலிருந்து வடக்கே பார்வையைச் செலுத்துங்கள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது பொறுத்திருங்கள். சிறு பஞ்சுத்துணுக்குப் போன்ற ஒளி தெரிந்தால், உங்கள் ஊரின் வானம் இன்னும் கெடவில்லை என்று அறிந்துகொள்ளலாம். தெரியாவிட்டால், எவ்விளக்கு தடுக்கின்றது என்று சுற்றிப் பாருங்கள். என்னைப் போல, அவ்விளக்கை உங்கள் கூரையிலேயே கண்டெடுக்கவும் கூடும்.